வெண்ணாற்றன் கவிதைகளும் ஒரு கேஸ் சிலிண்டரும்

சார், ஜன்னலோரம் வெயில் அடிக்குதுன்னா இப்படி நகந்து உக்காருங்க. நான் எழுந்து எழுந்து உக்காருவேன், தப்பா எடுத்துக்காதீங்க. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது. திருச்சிக்குத்தானே? நானும் திருச்சிதான். தில்லைநகர்ல என் தங்கச்சி மகன் இருக்கான், அவன் வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல ஒரு பட்டன அழுத்தணும். அவ்வளவுதான் ஜோலி. அழுத்திட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துருவேன்.

சிரிக்கிறீங்க பாருங்க. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனா என் நெலமையில இருந்து பாத்தா சிரிப்பு வராது.

என் பேரு தெட்சிணாமூர்த்தி. பள்ளியக்ரகாரத்துல வீடு. நெல் கொள்முதல் நிலையத்துல பில் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனேன். அது வயித்துப்பாட்டுக்கு. எழுத்துல நான் வெண்ணாற்றன். கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? பரவால்ல, பரவால்ல. யாருமே கேள்விப்படல, அதான் பிரச்சனையே. 'வெண்ணாற்றன் கவிதைகள்'னு இன்டர்நெட்ல ஒரு பிளாக் வச்சிருக்கேன் சார். எல்லாம் மரபுக் கவிதை. எதுகை, மோனை, தளை, எதுலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. சொல்ல ஆளும் கெடையாது, படிச்சாத்தானே சொல்லுவான்.

இந்த இளம்பரிதி, என் தங்கச்சி மகன், அவனுக்கு இதே தொழிலு. கம்பெனிக்காரங்க பேரெல்லாம் கூகுள்ல மேல வர்ற மாதிரி பண்ணிக் குடுப்பான். அவங்கிட்ட போயி, "ஏண்டா, ஊருக்கெல்லாம் பண்ற, மாமனுக்குப் பண்ண மாட்டியா"ன்னு கேட்டேன். அவன் சொன்னான், "மாமா, எல்லாம் கீவேர்டுலதான் இருக்கு. ஜனங்க என்ன வார்த்தையத் தட்டித் தேடுறாங்களோ, அந்த வார்த்தை உங்க பதிவுல இருக்கணும். இருந்தா ஆளக் கூட்டியாந்து விடும். 'வெண்ணிலவே வானத்து வெள்ளித் தட்டே'ன்னு எவனும் தேட மாட்டான்"ன்னான். திமிரப் பாருங்க. ஆனா யோசிச்சா நாயந்தான்.

சரின்னு உக்காந்தேன். ஜனங்க என்னத்தத் தேடுறாங்கன்னு பாக்க அவனே ஒரு வழி காட்டிக் குடுத்தான். கூகுள்ல 'மழை'ன்னு தட்டி நிறுத்தினா, மிச்சத்த அதுவே எடுத்துக் குடுக்குது. மழையப் பத்தி நான் ஒரு பதிகம் எழுதியிருக்கேன், அதுக்கு ஏத்த வார்த்தை கெடைக்குமான்னு பாத்தேன். என்ன வருதுங்கறீங்க? 'மழை நாளை பள்ளி விடுமுறையா'. எல்லாரும் அதத்தான் தேடுறானுங்க! நானும், சரி, வர்றவன் வரட்டும், வந்தா படிக்காமயா போயிருவான்னு, என் மழைப் பதிகத்துக்கு 'நாளை தஞ்சாவூர் பள்ளிகளுக்கு விடுமுறையா'ன்னு தலைப்ப மாத்தி வச்சேன்.

வந்தாங்க சார். அன்னைக்குன்னு பாத்து அடமழை. மடமடன்னு வந்தாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கீழ கருத்து எழுதற எடத்துல பாத்தா, "யோவ் பெருசு, லீவா இல்லையா, அத மட்டும் சொல்லு"ன்னு ஒருத்தன். "எங்கம்மா இதப் படிச்சுட்டு லீவு இல்லன்னு யூனிஃபார்ம் போட்டு விட்டுட்டாங்க, உருப்படுவியா நீ"ன்னு இன்னொருத்தன். பதிகத்துல பத்துப் பாட்டு இருக்கு, ஒரு பய ஒரு வரி படிக்கல. தலைப்ப மறுபடி மாத்திட்டேன்.

அப்புறம் காதல் கவிதை. அதுல நொழையவே முடியாதுன்னுட்டான் இளம்பரிதி. ரோஜாப்பூ படத்தப் போட்டு ரெண்டு வரி எழுதி ஸ்டேட்டஸ் வைக்கிறவங்க கூட்டம், நம்ம வெண்பா அங்க எடுபடாதாம். பொங்கல் கவிதைன்னு வச்சுப் பாத்தேன். வந்தவன்லாம் 'பொங்கல் வைக்க நல்ல நேரம்' கேட்டுட்டுப் போனான். எனக்குச் சோறு எறங்கல சார். எந்நேரமும் இதே நெனப்பு. கடைத்தெருவுல நின்னாக்கூட, பக்கத்துல ஒருத்தன் பேசுனான்னா, இவன் இத கூகுள்ல எப்படித் தட்டுவான்னுதான் புத்தி போகும்.

ஒரு நிமிஷம், பைய எங்க வச்சேன்? ஆங், மடியிலயே இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எந்த வார்த்தையத் தட்டிட்டு நம்ம பக்கத்துக்கு ஆள் வந்துச்சுன்னு காட்டறதுக்கு ஒரு எடம் இருக்காம். இளம்பரிதி அதத் தொறந்து பாத்துட்டு, "மாமா, உங்க பிளாக்குக்கு நல்லாத்தான் ஆள் வருது, யாரு சொன்னா வரலன்னு?"ன்னான். "எந்தக் கவிதைக்குடா?"ன்னு கேட்டேன். அவன் திரும்பிப் பாத்து சொல்றான், "கவிதைக்கு இல்ல மாமா. கேஸுக்கு."

கேஸ் சார்! சமையல் கேஸு! 'மனைவி இறந்தால் கேஸ் இணைப்பு பெயர் மாற்றுவது எப்படி'. இதத் தட்டிட்டு வர்றாங்க. 'அம்மா பெயரில் உள்ள சிலிண்டர் அம்மா இறந்த பின் யார் வாங்கலாம்'. இதத் தட்டிட்டு வர்றாங்க. மொத்தக் கூட்டமும் ஒரே ஒரு பதிவுக்கு.

அந்தப் பதிவு எழுதுனதே ஒரு ஆத்திரத்துல. என் வீட்டம்மா, தையல்நாயகின்னு பேரு, போன ஆடிக்கு முந்தின ஆடியில போயிட்டா. ஆமா சார். காய்ச்சல்னு படுத்தா, அவ்வளவுதான். பையன் ஓசூர்லேருந்து குடும்பத்தோட வந்தான், காரியமெல்லாம் ஆச்சு. காரியத்தன்னிக்குக் காலையில, வந்தவங்களுக்குக் காப்பி போட்டுக்கிட்டு இருக்கறப்ப கேஸு தீந்து போச்சு. மாத்து சிலிண்டரும் காலி. எந்த நம்பருக்குப் போன் பண்ணா கேஸ் வரும்னு எனக்குத் தெரியாது. முப்பத்தஞ்சு வருஷக் குடித்தனத்துல கேஸ் எங்கேருந்து வருதுன்னே நான் நெனச்சுப் பாத்ததில்ல. அவளோட போன எடுத்து நான் தேடுனா, அதுல 'கேஸ்'னு இருக்கு, அதுக்கு மேல 'அவுக'ன்னு இருக்கு. அது என் நம்பரு.

அதுக்கப்புறம் பேர் மாத்தலாம்னு ஏஜென்சிக்குப் போனேன். அங்க ஒரு பொண்ணு, தலைய நிமிரவே இல்ல, "கனெக்‌ஷன் மேடம் பேர்ல இருக்கு சார். அவங்க கையெழுத்து வேணும், கூட்டிட்டு வாங்க"ங்குது. "எங்கேருந்தும்மா கூட்டிட்டு வர்றது?"ன்னு கேட்டேன். அது நிமிந்து பாத்துச்சு. அப்புறம்தான் வெவரம் சொல்லி, என்னென்ன வேணும்னு சொல்லுச்சு. வீட்டுக்கு வந்து அதே கோவத்துல நடந்தத நடந்தபடி எழுதிப் போட்டேன். காலி சிலிண்டர ஒரு படம் எடுத்து மேல வச்சேன். என்னென்ன கொண்டு போகணும், யாரப் பாக்கணும்னு எல்லாத்தையும் எழுதினேன். தையல்நாயகின்னு பேரப் போட்டு, அவ எப்படி சிலிண்டர ஒரு கையால சாச்சு உருட்டிக்கிட்டே வருவா, ரெகுலேட்டர மாட்டும்போது பல்லக் கடிச்சுக்கிட்டு மூஞ்ச ஒரு மாதிரி வச்சுக்குவான்னுகூட எழுதிட்டேன், எதுக்கு எழுதினேன்னு தெரியல. ஒரே மூச்சு. ஒரு எழுத்து திருத்தல.

அதப் படிச்சுட்டு கீழ எழுதறாங்க சார். அறந்தாங்கியிலேருந்து ஒரு அம்மா, "ஐயா, எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, புக்கு தொலஞ்சு போச்சு, என்ன பண்றது"ன்னு. நான் பதில் போட்டேன். போடாம எப்படி இருக்கறது? திருப்பூர்லேருந்து ஒரு ஆளு, "ஐயா, எங்கேருந்தும்மா கூட்டிட்டு வர்றதுங்கற வரியப் படிச்சதும் கடையில உக்காந்து அழுதுட்டேன்"ங்கறாரு. அது வரியா சார்? நீங்களே சொல்லுங்க. அதுல எதுகை உண்டா? மோனை உண்டா? அழறதா இருந்தா என் இரங்கற்பா ஒண்ணு இருக்கு, தையல்நாயகி பேர்லயே எழுதினது, சீர் பிசகாம இருக்கும், அதப் படிச்சுட்டு அழட்டும். அத இன்னிய வரைக்கும் நாலு பேரு தொறந்திருக்கான். அந்த நாலுல நானும் ஒருத்தன்.

அவளும் இப்படித்தான். நான் எழுதறதையெல்லாம் அவளுக்குத்தான் மொதல்ல படிப்பேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "ம், அப்புறம்?"பா. ஒரு வார்த்தை புரியாது அவளுக்கு. ஆனா எழுந்து போக மாட்டா, அது அவகிட்ட உள்ள நல்ல குணம். முடிஞ்சதும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க எங்கிட்ட பேசற மாதிரியே எழுதிப் பாருங்களேன்"பா. அவளுக்கு யாப்பு தெரியாது, பாவம்.

தேடுற வார்த்தையெல்லாம் இளம்பரிதி ஒண்ணொண்ணா படிச்சுக் காட்டினான் சார். கேஸுன்னு மட்டும் இல்ல. 'மனைவி இல்லாமல் ரசம் வைப்பது எப்படி'ன்னு ஒருத்தன் தட்டியிருக்கான். 'மனைவி இறந்த பின் வீட்டில் சத்தமே இல்லை'ன்னு ஒருத்தன். இதெல்லாம் போயி ஒரு மனுஷன் கூகுள்ல தட்டுவானா? யாருகிட்டயாவது சொல்ல வேண்டியதத் தட்டியிருக்கான், பைத்தியக்காரன். அத எங்கேயோ தேடித் தடவி என் பக்கத்துல கொண்டாந்து விட்டிருக்கு.

அப்புறம் அவன் ஒரு எடத்துல நிறுத்துனான். "மாமா, ஒரே ஒரு ஆளு மட்டும் தினம் காலையில 'தையல்நாயகி'ன்னு தட்டிட்டு இந்தக் கேஸ் பதிவுக்கு வர்றாரு. ஒரு நாள் தவறல. தஞ்சாவூர் பக்கம்தான் காட்டுது"ன்னான். நான் சொன்னேன், "அது வைத்தீஸ்வரன்கோயில் அம்பாள் பேருடா. யாராச்சும் பக்தரு கோயிலத் தேடி வழி தவறி வந்திருப்பாரு"ன்னேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். "இருக்கும் மாமா"ன்னுட்டு காப்பி கொண்டாரப் போயிட்டான். இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சாமி பேரெல்லாம் எங்க தெரியுது.

சரி, அது கெடக்கு. இப்ப எதுக்கு ஓடறேன்னா, திருச்சியில ஒரு கவிஞர் மன்றம் இருக்கு சார். இணையத்துல மரபுக் கவிதை எழுதறவங்களையெல்லாம் சேத்து ஒரு தொகுப்பு போடறாங்க. ஆளுக்கு நாலு பக்கம், போட்டோவோட. என் பேரையும் ஒருத்தர் சொல்லியிருக்காரு. மன்றத்துச் செயலாளர் என் பிளாக்கத் தொறந்து பாத்துட்டு போன மாசம் போன் பண்ணினாரு. என்ன கேட்டாருங்கறீங்க? "ஐயா, கேஸ் ஏஜென்சி நடத்துறீங்களா?"

எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ரொம்பப் பேரு பாக்கறதால அந்தப் பதிவுதான் மேல வந்து நிக்குதாம், சிலிண்டர் படத்தோட. "இது கவிதைத் தளமா இருந்தாத்தான் சேக்க முடியும். சரி பண்ணிட்டுச் சொல்லுங்க"ன்னுட்டாரு. அவரு குடுத்த கெடு இன்னிக்குச் சாயந்திரத்தோட முடியுது, ராத்திரி அச்சுக்குப் போகுது. எத்தினி வருஷக் கனவு சார் இது! ஒரு புஸ்தகத்துல என் பேரு. வெண்ணாற்றன்னு அச்சுல.

இளம்பரிதியும் அதத்தான் சொல்றான். "ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க மாமா. ஒண்ணு கேஸ், ரேஷன், பட்டான்னு இதையே எழுதுங்க, ஆள் கொட்டும். இல்ல அந்தப் பதிவத் தூக்குங்க, கூகுளுக்கு நீங்க கவிஞர்னு புரியும்"கறான். "தூக்கிருடா"ன்னேன். போன்ல சொன்னா செய்ய மாட்டேங்கறான் படுபாவி. "நேர்ல வந்து உங்க கையால அழுத்துங்க. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது"ங்கறான். நான் ஏன் வருத்தப்படப் போறேன்? அதுல என்ன இருக்கு வருத்தப்பட? போன வாரமே போயிருப்பேன், வல்லம் தாண்டினதும் வீட்ல மோட்டார நிறுத்தினேனா இல்லையான்னு சந்தேகம் வந்துருச்சு, எறங்கித் திரும்பிட்டேன். அதுக்கு முந்தி ஒருவாட்டி அவன் வீடு வரைக்கும் போயிட்டேன். கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சான். கரண்டு போயிருச்சு. சரி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு எழுந்துட்டேன். உடனே வந்துருச்சு கரண்டு, அதுக்குள்ள நான் செருப்ப மாட்டிட்டேன்.

என்ன கேட்டீங்க? வாரிசுச் சான்றிதழ் கட்டாயம் வேணுமாவா?

சார், நீங்களுமா! இவ்வளவு நேரம் நான் கவிதை கவிதைன்னு கத்திக்கிட்டு வர்றேன், நீங்களும் கேஸத்தானே புடிச்சுக்கிட்டீங்க! நல்லா இருக்கு. இந்த ஊருக்கே கவிதை வேணாம். எல்லாருக்கும் கேஸ்தான் வேணும்.

இல்ல, கோவமெல்லாம் இல்ல. யாரு சார்? அம்மாவா? எப்போ?

அய்யய்யோ. தை மாசம்தானா. இப்பத்தானே. சொல்லவே இல்லையே நீங்க. நான் பாட்டுக்கு வளவளன்னு. கேளுங்க. இறப்புச் சான்று அசலும் நகலும் எடுத்துட்டுப் போங்க. கூடப் பொறந்தவங்க எத்தன பேரு? தங்கச்சி ஒண்ணா? அவங்க ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரட்டும். அம்மாவோட கேஸ் புக்கு எடுத்துக்குங்க. வாரிசுச் சான்று மாதிரி மிச்சமெல்லாம் ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும், மொதல்ல போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், மத்தியானத்துக்கு மேல போகாதீங்க, பசியில எரிஞ்சு விழுவாங்க. அம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு அங்க யாராச்சும் சொல்லிட்டாங்கன்னா, கோவப்படாதீங்க. அவங்களுக்குத் தெரியாதுல்ல. கொஞ்சம் அப்படி ஓரமா நின்னுட்டு, தண்ணி குடிச்சுட்டு, அப்புறம் சொல்லுங்க.

எங்க வீட்லயா? யாரு பேர்ல இருக்குன்னா கேக்கறீங்க?

அது... மாத்தணும் சார். மாத்தல. நேரம் எங்க இருக்கு எனக்கு? இந்த பிளாக்கு, கீவேர்டுன்னே பொழுது போயிருது. எல்லாத்தையும் எடுத்து ஒரு கவர்ல போட்டுத்தான் வச்சிருக்கேன். பையன் வர்றப்பெல்லாம் கத்தறான். "ஊருக்கே சொல்லித் தர்றீங்க, நீங்க மாத்துனீங்களா"ன்னு. அவசரம் என்ன சார் இதுல? கேஸு பாட்டுக்கு வருது. அவ போன்ல புக் பண்றேன், அவ போனுக்கு ஓடிபி நம்பர் வருது, அதச் சொன்னா சிலிண்டரக் குடுத்துட்டுப் போறாங்க. அந்தப் போனுக்கு ரீசார்ஜ் மட்டும் விடாமப் பண்ணிருவேன். விட்டா நம்பர் போயிரும்ல. நம்பர் போயிட்டா அப்புறம் வேற யாருக்காவது குடுத்துருவாங்களாம். தையல்நாயகி நம்பர்ல வேற எவளோ ஹலோங்கறதா? நல்லாவா இருக்கும்?

இதோ இந்தப் போன்தான். பட்டன் தேஞ்சு போச்சு பாருங்க, அஞ்சாம் நம்பரே தெரியாது. பைக்குள்ளயேதான் வச்சிருப்பேன். நேத்துதான் புக் பண்ணினேன். இன்னிக்கு வராதுன்னு நெனச்சேன்.

அட! சொல்லி வாய மூடல. இருங்க சார், அதுலதான் மணியடிக்குது.

"ஹலோ... ஆமாங்க. ஆமாங்க, தையல்நாயகி வீடுதான்... யாரு, புதுசா நீங்க? வழக்கமா வர்ற ஆரோக்கியம் இல்லையா?... அம்மாவா? அம்மா இல்லைங்க. வெளில போயிருக்காங்க... நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன். நம்பரா? வந்திருக்கும், இருங்க, பாத்துச் சொல்றேன்... என்னது, வாசல்லயேவா நிக்கிறீங்க? கதவு பூட்டியிருக்கும். இல்ல இல்ல, பக்கத்து வீட்ல குடுக்காதீங்க. நான் வந்துர்றேன். மத்த தெருவெல்லாம் முடிச்சுட்டு வாங்க, அதுக்குள்ள நான் வந்துருவேன். எங்க பேர்ல பில்லு இருக்குல்ல, அதக் கிழிச்சுராதீங்க. ஆங். தையல்நாயகின்னுதானே போட்டிருக்கு? ஆங். சரிங்க."

எந்த ஊரு சார் இது, செங்கிப்பட்டியா? கண்டக்டர்! கண்டக்டர் தம்பி, ஒரு ஆளு எறக்கம்! திருச்சிக்கு எடுத்த டிக்கெட்டா இருந்தா என்னப்பா, நான் எறங்கறதுக்கு உனக்கென்ன? எதுத்தாப்புல தஞ்சாவூர் பஸ்ஸு நிக்கும், பிடிச்சுருவேன்.

பாத்தீங்களா சார், ஒரு மனுஷன ஒரு காரியம் பண்ண விடுதா இந்தக் கேஸு? புஸ்தகமா? ஆமா, சாயந்திரம்தான் கடைசி. தெரியும். என்ன பண்றது, வாசல்ல ஆள் நிக்கறான்ல. அடுத்த தொகுப்புல பாத்துக்கலாம். கவிதை எங்க போயிரப் போவுது.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க. பை... ஆங், எடுத்துட்டேன். போன்... போன் கையிலயே இருக்கு.

சார், அந்தப் பதிவு உங்களுக்கு வேணும்ல, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு அதுல வெவரமா இருக்கு. வெண்ணாற்றன்னு தட்டாதீங்க, வராது. கேஸ், பெயர் மாற்றம்னு தட்டினாலும் என்னென்னவோ வந்து குழப்பும். நான் சொல்றதத் தட்டுங்க. தையல்நாயகின்னு தட்டுங்க. மொதல்ல அம்பாள் வருவாங்க, கோயிலு, கோபுரம், நடை தொறக்கற நேரம்லாம் வரும். அவங்களத் தாண்டி அப்படியே கீழ வாங்க.

இருப்பா.